சேசிஸ் இருக்கிறது, பாடிதான் வேண்டும்

சேலம், நாமக்கல் மாவட்டத்துப் போட்டோ, வீடியோக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிமார்களே, இப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு நம் தொழிலுக்குள் வந்திருக்கும் தங்கைகளே,

ஆடி பிறந்துவிட்டது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. வைகாசி, ஆனியில் எடுத்த கல்யாணங்களை உட்கார்ந்து மிக்சிங் செய்கிற மாதம் இது. கம்ப்யூட்டரில் இடம் போதாமல் அலமாரியைக் குடைந்து, பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை எடுத்து, "இதுக்கு ஒரு கேஸ் வாங்கிப் போட்டா ஓடுமுங்களாண்ணா?" என்று நீங்கள் எனக்குப் போன் போடுகிற மாதமும் இதுதான். போன வாரம் மட்டும் ராசிபுரத்திலிருந்து ஒருவர், சங்ககிரியிலிருந்து ஒருவர், பரமத்தி வேலூரிலிருந்து இரண்டு பேர். நாலு பேருக்கும் நாலு விதமாகச் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், யாருக்குமே முழுசாகச் சொல்லவில்லை என்று உறைத்தது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கடிதம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: விஎச்எஸ் காலத்தில் அம்மாபேட்டையில் மிக்சிங் போட்டவன். ரோஜாப்பூவுக்குள் மணமக்களைச் சுழல விட்ட பாவத்தில் எனக்கும் பங்குண்டு. கேசட் போய் கம்ப்யூட்டர் வந்தபோது, எடுக்கிறவர்களைவிடக் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிறவனுக்குத்தான் தேவை அதிகம் என்று தெரிந்து அந்தப் பக்கம் ஒதுங்கினேன். இன்றைக்கும் நம் ஆட்களின் டிஸ்குகள்தான் என் மேசையில் கிடக்கின்றன.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் வந்தான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். அவன் தாத்தா கொங்குக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்துப் பாடியவர். அருமைக்காரர் ஒரு பக்கம் சீர் செய்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் நின்று நீட்டி முழக்கிப் பாடுவாரே, அந்தப் பெரியவர். எத்தனையோ மணமக்களை வாழ்த்தியவருக்குத் தன் வீட்டில் மிஞ்சியது ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. குரல் எங்கேயும் இல்லை. பேரன் ஊர் ஊராக விசாரித்து, 2004-இல் நம் நண்பர் ஒருவர் எடுத்த கல்யாணத்தில் தாத்தா முழுசாகப் பாடியிருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டான். எடுத்தது மினி டிவி கேசட்டில். கேசட்டெல்லாம் எப்போதோ பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றியது மட்டும் ஒரு டிஸ்கில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் போனதும் டிஸ்கைக் கழற்றி, வெள்ளி நிறக் கேஸ் ஒன்றில் போட்டு வைத்திருந்தார் நண்பர். அடாப்டரைச் சொருகினால் நீல விளக்கு எரியும். கம்ப்யூட்டரில் ஒன்றும் வராது. ஒரு கடையில் "டிஸ்க் செத்துப்போச்சு" என்று சொல்லி, மீட்டுத் தர ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு எருமையே வாங்கலாமுங்க என்றான் பையன்.

அவன் கதை அப்புறம். முதலில் நாமக்கல் போய் வருவோம்.

அங்கே லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பல லாரிகள் வெறும் சேசிஸாகவே வந்து சேரும். முன் கண்ணாடிகூட இல்லாமல், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் ஓட்டி வருவார். பட்டறைக்காரர் எடுத்ததும் பெயிண்டைப் பற்றிப் பேச மாட்டார். வீல்பேஸ் என்ன, எத்தனை டயர், ஏற்றப்போவது முட்டையா, இரும்பா, வைக்கோலா என்று கேட்டுக்கொண்டு டேப்பை எடுப்பார். வருஷக்கணக்கில் ஓடிப் பாடி துருப்பிடித்தால், கழற்றிப் போட்டுவிட்டு அதே சேசிஸின் மேல் புதுப் பாடி ஏறும். ஆர்.சி.யில் இருப்பது சேசிஸ் நம்பர். பாடி எத்தனை தடவை மாறினாலும் வண்டி அதே வண்டிதான்.

நம் டிஸ்க்தான் சேசிஸ். கேஸ் அதற்குக் கட்டும் பாடி. முதலில் சேசிஸ், பிறகு பாடி என்ற முறையை மாற்றிப் போட்டுக்கொண்டுதான் நம் ஆட்கள் கடைக்குப் போகிறார்கள். பளபளப்பாக, கைக்கு அடக்கமாக ஒன்றைப் பார்த்து வாங்கி வந்து, வீட்டில் டிஸ்கை வைத்து அழுத்துகிறார்கள். போகவில்லை என்றால் எனக்குப் போன்.

ஆகவே முதலில் டிஸ்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது என்றால் உள்ளங்கைக்கு மேல் நீளும், கனக்கும். அது மூன்றரை இஞ்ச். லேப்டாப்பிலிருந்து வந்தது சட்டைப் பையில் போகும், இரண்டரை இஞ்ச். இரண்டரையிலும் தடிமன் வேறுபடும். பழைய லேப்டாப் டிஸ்குகள் 9.5 மில்லிமீட்டர், பிறகு வந்தவை 7. கொள்ளளவு கூடியவற்றில் 15 மில்லிமீட்டர் வரை உண்டு. பல கேஸ்கள் 9.5 வரைதான் வாய் திறக்கும். ஏழு மில்லிமீட்டர் டிஸ்கை அதில் போட்டால் உள்ளே லொடலொடவென்று ஆடும். கூடக் கொடுத்திருக்கும் பஞ்சுப் பட்டையைத் தூக்கிப் போடாமல் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து டிஸ்கின் பின்பக்கம். வரிசையாக ஊசி ஊசியாக நின்றால் பழைய ஐடிஇ: மூன்றரையில் 40 ஊசி, இரண்டரையில் 44. தட்டையாக, 'எல்' போல மடங்கிய இரண்டு நாக்குகள், ஒன்று சின்னது, ஒன்று பெரியது என்றால் சாட்டா. இன்று கடையில் கேட்டதும் எடுத்துப் போடும் கேஸ் சாட்டாவுக்கானது. ஐடிஇ டிஸ்குக்குக் கேஸ் தேடி அலைய வேண்டாம். அதற்கென்று ஒரு கன்வெர்ட்டர் கேபிள் வரும். வாங்கி, உள்ளதை வேறு டிஸ்குக்கு மாற்றிக்கொண்டு, பழசை ஓரமாக வைத்துவிடுங்கள். பையன் கொண்டுவந்தது அந்த இனம்தான், 40 ஊசி, 80 ஜிபி.

மெல்லிய பட்டையாக, சூயிங்கம் போல இருக்கும் எம்.2 சமாச்சாரம் வேறு. அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் பெரும்பாலும் 80. அதனால்தான் அதன் மேல் 2280 என்று போட்டிருக்கும். சில சின்ன லேப்டாப்புகளில் 2242, 2230 என்று குட்டையாகவும் வரும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் எம்.2-வில் இரண்டு சாதி: சாட்டா பேசுவது, என்விஎம்இ பேசுவது. ஒன்றுக்கான கேஸில் மற்றதைப் போட்டால் பேச்சே வராது. இரண்டையும் புரிந்துகொள்ளும் கேஸ்களும் உண்டு. கொஞ்சம் விலை கூடும். என்ன இனம் என்று உறுதியாகத் தெரியாதவர்கள் அந்த இருமொழிக் கேஸையே வாங்கிவிடுங்கள். நானே ஒரு தடவை தப்பான கேஸ் வாங்கி, கடைக்காரரிடம் சண்டைக்குப் போய், பிறகு ஒட்டுச்சீட்டைப் படித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவன்.

இனி மின்சாரம். இதில்தான் நம் ஊரில் டிஸ்குகள் அதிகம் சாகின்றன, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மூன்றரை இஞ்ச் டிஸ்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். அதன் போர்டுக்கு 5 வோல்ட். சாதாரண யுஎஸ்பி ஓட்டையில் கிடைப்பது 5 வோல்ட் மட்டும். ஆகவே மூன்றரைக்கான கேஸ் எதுவானாலும் தனியாக ஒரு அடாப்டர், பெரும்பாலும் 12 வோல்ட் 2 ஆம்பியர், கூட வரும். சாட்டா நாக்கு இரண்டு அளவுக்கும் ஒன்றே என்பதால், இரண்டரைக்கான கேபிளில் மூன்றரை டிஸ்கைச் சொருக முடியும். சொருகத்தான் முடியும், சுழலாது. "டிஸ்க் ஓடலைங்கண்ணா" என்று வருகிற போன்களில் பல இந்த வகை.

இரண்டரைக்கு 5 வோல்ட் போதும், அடாப்டர் வேண்டாம். ஆனால் சுழலத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் ஒரு ஆம்பியர் அளவுக்குக்கூட இழுக்கும். யுஎஸ்பி 2 ஓட்டை தருவதாக ஒப்புக்கொண்டது அரை ஆம்பியர், நீல நிற யுஎஸ்பி 3 ஓட்டை 0.9. கம்ப்யூட்டரின் முன்பக்க ஓட்டை உள்ளே நீண்ட வயரில் வருகிறது, அதில் இன்னும் கொஞ்சம் குறையும். டிஸ்க் 'டிக்… டிக்…' என்று அடித்துவிட்டு நின்றால் உடனே தலையில் கை வைக்காதீர்கள். பின்பக்க ஓட்டையில், குட்டையான, தடித்த கேபிளில் போட்டுப் பாருங்கள். அப்படியும் அதே சத்தம் என்றால் அப்போது கையை எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்பச் சுழல விடுவதில் மிச்சம் இருப்பதும் போகும்.

அடாப்டரைப் பற்றி ஒரு பாவமன்னிப்பு. கேஸின் அடாப்டர் முனையும் வேறு எத்தனையோ அடாப்டர்களின் முனையும் ஏறக்குறைய ஒரே தடிமன். ரவுட்டருக்கு ஒன்று, எல்இடி லைட்டுக்கு ஒன்று, லேப்டாப்புக்கு ஒன்று என்று மேசைக்கடியில் பாம்புப் புற்று மாதிரி கிடக்கும். ஒரு முகூர்த்த நாள் ராத்திரி, தூக்கக் கலக்கத்தில், 12 வோல்ட் கேஸில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் சொருகினேன். கிளிக் என்று ஒரு சத்தம், லேசாக ஒரு வாசம். டிஸ்கின் போர்டில், இப்படி மின்சாரம் மிஞ்சி வந்தால் தான் செத்து மற்றதைக் காப்பாற்றுவதற்காகவே ஒரு டையோடை வைத்திருக்கிறார்கள். அது செத்துக் காப்பாற்றியது. தெரிந்த மெக்கானிக் அதை எடுத்துவிட்டு, உள்ளே இருந்ததை நகல் எடுத்துக் கொடுத்தார். கேஸின் போர்டு கரிந்தே போயிற்று. நண்பரின் வெள்ளி நிறக் கேஸைத் திறந்தபோது அதே கரி, அதே வாசம். ஆகவே என்ன நடந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நீல விளக்கு எரிந்ததே என்பீர்கள். கேஸில் விளக்கு எரிவதற்கு டிஸ்க் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. டிஸ்க் உயிரோடு இருக்க விளக்கும் எரிய வேண்டியதில்லை.

கேஸ் என்று நாம் சொல்லும் பொருளில் தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பெரிய மதிப்பில்லை. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் போர்டு இருக்கும், அதில் கறுப்பாக ஒரு சில்லு. டிஸ்க் பேசுவது சாட்டா. கம்ப்யூட்டர் கேட்பது யுஎஸ்பி. நடுவில் நின்று இதை அதுவாகச் சொல்லும் துபாஷி அந்தச் சில்லுதான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்குகிற வியாபாரி பாலிஷைப் பார்ப்பதில்லை, "டச் என்ன?" என்று வெள்ளியின் சுத்தத்தைத்தான் கேட்பார். கேஸ் வாங்கும்போது நாம் கேட்க வேண்டிய டச், இந்தச் சில்லு. ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா, ரியல்டெக் என்று இதைச் செய்கிறவர்கள் கைவிரலில் அடங்கும் சிலர்தான். எந்தச் சில்லு என்று பெட்டியிலோ விளம்பரத்திலோ வெளிப்படையாகப் போட்டிருக்கும் கேஸை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்.

துபாஷி கெட்டிக்காரனா என்று பார்க்க யுஏஎஸ்பி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய முறையில் ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் அடுத்ததை வாங்கும். இதில் பலவற்றை வரிசையாக வாங்கிக்கொண்டு வேலை பார்க்கும். சுழலும் டிஸ்கில் இதனால் பெரிய வித்தியாசம் தெரியாது, எஸ்எஸ்டியில் நன்றாகவே தெரியும்.

வேகத்தைப் பற்றி நம் ஆட்கள் நிறையப் பேசுகிறார்கள், ஆகவே கணக்கு மட்டும். 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் என்று எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ராத்திரி வரவேற்பு, காலை முகூர்த்தம் எல்லாம் சேர்ந்தால் ஒரு கல்யாணத்துக்கு அரை டிபி சாதாரணம். யுஎஸ்பி 2 கேஸில் நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி போகும். அரை டிபி ஏற நாலரை மணி நேரத்துக்கு மேல். அதே டிஸ்கை யுஎஸ்பி 3 கேஸில் போட்டால் டிஸ்கின் சொந்த வேகம் கிடைக்கும், 110 எம்பி என்று வையுங்கள். ஒன்றேகால் மணி நேரம். சாட்டா எஸ்எஸ்டி என்றால் 400 எம்பி அளவில், இருபது நிமிஷத்துச் சொச்சம். சுழலும் டிஸ்குக்கு 10 ஜிபிபிஎஸ் கேஸ் வாங்குவது மொபெட்டுக்கு ஆறுவழிச்சாலை போடுவது மாதிரி. அந்தக் காசை இரண்டாவது டிஸ்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் நம் மாவட்டங்களுக்கே உரியது. சித்திரையில் சேலம் 40 டிகிரியைத் தொடுகிற ஊர். பெரும்பாலான ஹார்டு டிஸ்குகளுக்குக் கம்பெனி போட்டிருக்கும் உச்சவரம்பு 60 டிகிரி. கார் டேஷ்போர்டில் வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் கேஸுக்கு அது தூரமில்லை. என்விஎம்இ இன்னும் சூடாகும். சூடு ஏறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு அலுமினியக் கேஸ், சில்லுக்கும் மூடிக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்தும் ரப்பர்ப் பட்டை, இரண்டும் கட்டாயம். பட்டையின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். சிரிக்காதீர்கள், உரிக்காமல் கொண்டுவந்தவர்கள் உண்டு.

இப்போது சேசிஸுக்கும் பாடிக்கும் திரும்ப வருகிறேன். என் மனசில் இருக்கும் முக்கியமான பேச்சு இதுதான்.

கழற்றக் கூடிய கேஸாக வாங்குங்கள். திருகாணியோ, இழுத்தால் திறக்கும் மூடியோ, ஏதாவது ஒன்று. அதைவிட முக்கியம், கழற்றிய டிஸ்க் வேறு எங்கே போட்டாலும் படிக்கப்பட வேண்டும். எல்லாக் கேஸும் இப்படி இல்லை. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்குகள் வந்தபோது, பழைய விண்டோஸ் அவற்றைப் பார்ப்பதற்காகச் சில கேஸ்களின் போர்டு ஒரு தந்திரம் செய்தது. டிஸ்க் தன்னை 512 பைட் கட்டங்களாகச் சொன்னால், இது 4096 பைட் கட்டங்களாக மாற்றிச் சொல்லும். அந்தக் கேஸுக்குள் ஃபார்மட் செய்த டிஸ்கை வெளியே எடுத்து நேரடியாகக் கம்ப்யூட்டரில் மாட்டினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். டிஸ்கில் ஒரு குறையும் இருக்காது. அந்தக் கேள்விக்குப் பதற்றத்தில் 'ஆமாம்' சொன்னவர்களின் கண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். பழைய கேஸிலேயே, அல்லது அதே வகைக் கேஸில் போட்டால் எல்லாம் அப்படியே இருக்கும்.

கடையில் ஆயத்தமாக விற்கும் போர்ட்டபிள் டிஸ்குகளில் இன்னொரு சங்கடம். சிலவற்றில் உள்ளே சாட்டா நாக்கே கிடையாது, யுஎஸ்பி ஓட்டை டிஸ்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பாடியும் சேசிஸும் ஒன்றாக வார்த்த வண்டி. இன்னும் சிலவற்றில், நீங்கள் பாஸ்வேர்டே வைக்காவிட்டாலும் எழுதுவதையெல்லாம் போர்டு குழப்பித்தான் எழுதும். சாவி அந்தப் போர்டில் இருக்கும். போர்டு போனால், டிஸ்க் நல்லபடி சுழன்றாலும் உள்ளே இருப்பது வெறும் இரைச்சல்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்தச் சாவி ஞாபகம்தான். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய அந்த ஸ்டூடியோவிலிருந்து 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், நம் ஊர்ச் சரக்கு. அந்தக் கதையில் குகைக்குள் போன காசிம், தங்கத்தைப் பார்த்த மயக்கத்தில் கதவைத் திறக்கும் சொல்லை மறந்துவிடுவான். பொன் குவிந்து கிடக்கிறது, வெளியே வர வழியில்லை. பாஸ்வேர்டுப் பூட்டோடு விளம்பரம் செய்யப்படும் கேஸ்களைக் காட்டி "வாங்கலாமாண்ணா?" என்று கேட்கிறவர்களிடம் நான் கேட்பது: பன்னிரண்டு வருஷம் கழித்து, நீங்கள் இல்லாதபோது, உங்கள் மகன் அந்தச் சொல்லை யாரிடம் கேட்பான்? ஆடிட்டருக்கு, வக்கீலுக்கு அந்தப் பூட்டு வேண்டும். கல்யாண வீடியோவுக்குத் திருடன் வரமாட்டான்.

வேடிக்கை என்னவென்றால், உலகின் முதல் ஹார்டு டிஸ்க் வெளிவந்ததும் அதே 1956-இல்தான். ஐபிஎம் செய்தது. இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள், மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். இன்று நம் கேமராவில் எடுக்கும் ஒரு ரா போட்டோவுக்கு அது போதாது. ஆனால் அந்த டிஸ்கை லாரியில்தான் ஏற்றிப் போக வேண்டும்.

அதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1938-இல் 'பாலன்' எடுத்தது, மலையாளத்தின் முதல் பேசும் படம். சேலத்தில் உருவான அந்தப் படத்தின் சுருள் இன்று கிடைப்பதில்லை. அப்பேர்ப்பட்ட ஸ்டூடியோவின் படத்துக்கே அந்தக் கதி என்றால், நாம் எந்த மூலைக்கு.

கேஸ் வாங்கியதும் நான் செய்யும் சோதனை ஒன்றே ஒன்று. காலி டிஸ்க் ஒன்றை அதில் போட்டு, ஃபார்மட் செய்து, ஒரு பெரிய வீடியோவை ஏற்றுவேன். பிறகு டிஸ்கைக் கழற்றி நேரடியாகக் கம்ப்யூட்டருக்குள் மாட்டுவேன். வீடியோ ஓடினால் கேஸை வைத்துக்கொள்வேன். ஓடாவிட்டால் அன்றைக்கே கடைக்குத் திரும்பும். அதோடு 'கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு, கேஸின் வழியாகவே டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும். மஞ்சளாகவோ சிவப்பாகவோ காட்டுகிற டிஸ்குக்குக் கேஸ் வாங்குவது வீண். உள்ளதை நகல் எடுத்துவிட்டு அதற்கு விடைகொடுங்கள்.

அலமாரியில் பத்து, இருபது மொட்டை டிஸ்குகள் வைத்திருக்கும் ஸ்டூடியோக்கள் டிஸ்குக்கொரு கேஸ் வாங்க வேண்டாம், ஒரு டாக் போதும். ரொட்டி சுடும் கருவி மாதிரி மேலே சொருகி எடுப்பது. ஆனால் இரண்டு டிஸ்க் போடும் டாக்கில் கம்ப்யூட்டரே இல்லாமல் நகல் எடுக்க ஒரு பட்டன் இருக்கிறதே, அது கத்தி. எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்கு என்பதை மாற்றிப் போட்டு அழுத்தினால், காலி டிஸ்கின் காலி அத்தனையும் நிரம்பிய டிஸ்கின் மேல் துல்லியமாக நகலாகும். ஆத்தூர்ப் பக்கத்து நண்பர் ஒருவருக்கு ஒரு தை மாதம் முழுசும் இப்படிப் போயிற்று. இப்போது அவர் அந்தப் பட்டன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறார். நானும்தான்.

ஆன்லைனில் ஆயிரத்துச் சில்லறைக்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று வருவதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. திறந்தால் அழகான அலுமினியக் கூட்டுக்குள் ஒரு மெமரி கார்டு பசையில் ஒட்டியிருக்கும். 16 டிபி என்று காட்டும்படி அதைப் பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் வருவதெல்லாம் காற்றில் போகும், பிழை என்றுகூடச் சொல்லாது. சந்தேகம் இருந்தால் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' கொண்டு முழுசாக எழுதிப் படித்துப் பாருங்கள்.

பையன் கதைக்கு வருகிறேன். வெள்ளிக் கேஸிலிருந்து டிஸ்கை எடுத்து, என் பழைய ஐடிஇ கன்வெர்ட்டரில் மாட்டினேன். இரண்டு மூச்சு விட்டுவிட்டுச் சுழன்றது. கல்யாணப் பெயர் போட்ட ஃபோல்டர், அதில் கேசட்டுக்கு ஒன்றாக மூன்று கோப்புகள், ஒவ்வொன்றும் 13 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. செத்தது பாடி. சேசிஸுக்குக் கீறல்கூட இல்லை. இரண்டாவது கோப்பில் பெரியவர் வந்தார். மைக்செட்டில் சினிமாப் பாட்டு ஒரு பக்கம், குழந்தை அழுகை ஒரு பக்கம், நடுவே அவர் குரல். நம் நண்பர் கேமராவைப் பெண்ணின் நகை மேலேயே வைத்திருக்கிறார். பெரியவரின் முகம் மொத்தமாக ஒரு நிமிஷம்கூட இல்லை. குரல் முழுசாக இருந்தது. பையன் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

பிறகு பாக்கெட்டிலிருந்து 32 ஜிபி பென் டிரைவை எடுத்துக் கொடுத்தான். கோப்பு பெரிது என்று அது மறுத்துவிட்டது. ஃபேட்32 என்று ஃபார்மட் செய்ததில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக் கொடுத்தேன். புதுக் கேஸில் போடும் டிஸ்குக்கும் இதே கணக்குத்தான். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். ஆல்பம் டிசைனர் மேக் வைத்திருந்தால் எக்ஸ்ஃபேட். எக்ஸ்ஃபேட் பாதியில் கரண்ட் போனால் என்டிஎஃப்எஸ் அளவுக்குத் தாங்காது, ஆகவே 'பத்திரமாக நீக்கு' சொல்லாமல் பிடுங்காதீர்கள்.

நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்த நாளில் பாட்டு ஓடுறப்பல்லாம் கேமராவை ஆஃப் பண்ணிடுவோம்டா, கேசட் மிச்சமாகட்டும்னு" என்றார். அவர் அலமாரியில் அதே மாதிரிக் கேஸில் வேறு ஆறு டிஸ்க் இன்றைக்கும் கிடக்கிறதாம். இந்த ஆடிக்குள் ஆறையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
பழைய மிக்சிங்காரன்,
அம்மாபேட்டை, சேலம்.

பி.கு.: இன்றைக்கே ஒரு வேலை. வீட்டில் இருக்கும் அடாப்டர் ஒவ்வொன்றிலும் எதனுடையது, எத்தனை வோல்ட் என்று வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். கேஸோடு வரும் நாலு குட்டித் திருகாணிகளையும் சின்னத் திருப்புளியையும் அந்தக் கேஸின் அட்டைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். அவை தொலைந்துவிட்டன என்று ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் திட்டு வாங்காமல் போனதில்லை.